டீச்சர் கூப்பிட்டால் பிள்ளையை அடிக்காதீர்கள்

ஆசிரியருக்கு,

"பிள்ளை வகுப்பில் யாரோடும் பேசுவதில்லை, ஒருக்கா வந்து பாருங்கள்" என்று பாடசாலையிலிருந்து சொல்லி அனுப்பினால், எங்கள் தேயிலைத் தோட்டப் பக்கம் பல வீடுகளில் அன்றிரவே பிள்ளைக்கு அடி விழுகிறது, பாடசாலைக்குப் போனால் ஒரு நாள் பேர், அதாவது அன்றைய கூலி, போய்விடுமே என்ற கவலையும் வெட்கமும் சேர்ந்து. தயவுசெய்து அடிக்காதீர்கள். டீச்சர் குறை சொல்லவில்லை, கண்டதைச் சொல்கிறார். எப்போதிலிருந்து இப்படி, இடைவேளையில் யாரோடு இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள். தாய் வெளிநாட்டில், பிள்ளை அம்மாச்சியிடம் வளர்கிறது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். அப்புறம் பிள்ளையைப் பக்கத்தில் வைத்து, அது வாய் திறக்கும்வரை பொறுத்திருங்கள். மனநல உதவிக்கு 1926, யாராவது பிள்ளையைத் துன்புறுத்துவதாகத் தெரிந்தால் 1929 என்ற தொலைபேசி எண்ணுக்கு அழையுங்கள். பாடசாலைகளும் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் கூப்பிடாமல், பெற்றோர் வரக்கூடிய நேரமாகப் பார்த்துக் கூப்பிட வேண்டும்.

தோட்டத் தாய் ஒருவர்,
பொகவந்தலாவை, இலங்கை