ஸ்ட்ரெச்சரில் இருக்கும் எலும்புக்கூட்டை எடுத்துவிடுங்கள்: பழைய வண்டிச் சங்கத்தாருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய சங்க நிர்வாகிகளுக்கும் வண்டி உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலம் மேன்ஸ்ஃபீல்டு பழைய சிறை வளாகத்தில் உங்கள் பழைய சவ ஊர்திகளோடும் ஆம்புலன்ஸ்களோடும் நீங்கள் கூடிய அன்று, டிக்கெட் எடுத்து உள்ளே வந்தவர்களில் நானும் ஒருவன். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை. லைமாவில் சுப்பீரியர், பிக்வாவில் மில்லர்-மீட்டியர், சின்சினாட்டியில் ஹெஸ் அண்ட் ஐசன்ஹார்ட் என்று இந்த மாநிலத்திலேயே உடல் கட்டப்பட்ட வண்டிகளை இந்த மாநிலத்திலேயே நிறுத்திப் பார்ப்பது அழகான யோசனை. குரோமியத்தில் முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படித் துடைத்து வைத்திருந்தீர்கள்.

ஆனால் அந்த வெள்ளை கேடிலாக் ஆம்புலன்ஸ். பின்கதவு திறந்திருந்தது. ஸ்ட்ரெச்சரில் ஒரு பிளாஸ்டிக் எலும்புக்கூடு, மூக்கில் ஆக்சிஜன் முகமூடி, கழுத்தில் 'கொஞ்சம் லேட்டாகிவிட்டது' என்று ஒரு அட்டை. பிள்ளைகள் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இந்த வண்டி எந்த ஊரில் ஓடியது என்று உரிமையாளரிடம் கேட்டேன். இன்ஜின் அளவைச் சொன்னார், பெயின்ட் செலவைச் சொன்னார். மரியாதையாக ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். சங்கத்திலிருந்து கட்டைவிரல் படம் ஒன்று பதிலாக வந்தது. அதனால்தான் இந்த மடல்.

என் கோரிக்கை சின்னது. ஆம்புலன்ஸ்களுக்குள் இருக்கும் எலும்புக்கூட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அந்த வண்டி என்ன வேலை செய்தது என்று எழுதி வையுங்கள்.

சாவைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது என்று சொல்ல வரவில்லை. பறையடித்து, ஆடிப்பாடி, பூவை இறைத்துக்கொண்டே பிணத்தைக் கொண்டுபோகிற ஊரில் பிறந்தவன் நான். சவ ஊர்தியில் எலும்புக்கூட்டை வைத்தால்கூடப் பேசாமல் போய்விடுவேன். அதில் ஏறியவர் இறந்த பிறகு ஏறியவர். ஆம்புலன்ஸில் ஏறியவர் உயிரோடு ஏறியவர் அல்லவா?

நான் சொல்வது உங்களுக்குத் தெரியாததா? இந்த நாட்டில் 1960-களில் பாதி ஆம்புலன்ஸ் சேவையை நடத்தியவர்கள் இறுதிச்சடங்கு நிலையத்தார். சுமார் 12,000 பேர் என்று 1966-ல் தேசிய அறிவியல் கழகம் வெளியிட்ட அறிக்கையே சொன்னது. காரணமும் எளிது: ஆளைப் படுக்கவைத்துக் கொண்டுபோகும் நீளமான வண்டி அவர்களிடம்தான் இருந்தது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். வேறு யாரும் முன்வராத ஊர்களில், கையைவிட்டுச் செலவழித்து ஓட்டியவர்கள் பலர்.

ஆனால் உள்ளே படுத்திருந்தவர் நிலை என்ன? உங்கள் கூட்டத்தில் நின்ற, சவ ஊர்தியாகவும் ஆம்புலன்ஸாகவும் மாறி மாறி ஓடிய 'காம்பினேஷன்' வண்டிகளையே எடுத்துக்கொள்வோம். சவப்பெட்டியை உருட்டும் உருளைகளைப் புரட்டிப் போட்டால் தரை சமமாகிவிடும். கூரையில் சுழல்விளக்கை மாட்டினால் ஆம்புலன்ஸ், கழற்றினால் சவ ஊர்தி. கூரையோ தாழ்வு. கூட வருபவர் மடக்கு இருக்கையில் முதுகை வளைத்துத்தான் உட்கார வேண்டும். நின்று நெஞ்சை அழுத்த இடம் கிடையாது. இதயம் நின்ற ஒருவர் அந்தப் பளபளப்புக்குள் போகும்போது, அவருக்குச் செய்யக்கூடியதெல்லாம் வேகமாக ஓட்டுவது மட்டும்தான். ஓட்டுநர் ஒருவரே வந்தால், பின்னால் இருப்பவர் மூச்சு விடுகிறாரா என்று பார்க்கக்கூட ஆளில்லை. நேற்று அதே இடத்தில் ஒரு பெட்டி போனது என்பது அவருக்கும் தெரிந்திருக்கும்.

பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் பிட்ஸ்பர்க் நகரம் இன்னும் ஒரு படி மேலே. அங்கே கைதிகளை ஏற்றும் போலீஸ் வேன்தான் ஆம்புலன்ஸ். நோயாளி பின்னால், போலீஸார் முன்னால். 1966 நவம்பரில் முன்னாள் ஆளுநர் டேவிட் லாரன்ஸ் ஒரு கூட்டத்தில் மயங்கி விழுந்தபோது அவரையும் போலீஸ் வண்டியில்தான் கொண்டுபோனார்கள். அவர் கண் விழிக்கவேயில்லை, சில வாரங்களில் இறந்தார். ஆளுநராக இருந்தவருக்கே அந்தக் கதி.

அதே நகரத்தின் ஹில் வட்டாரத்தில், மருத்துவர் பீட்டர் சாஃபர் துணையோடு 1967-ல் உருவானது 'ஃப்ரீடம் ஹவுஸ்' ஆம்புலன்ஸ் சேவை. வேலை கிடைக்காமலிருந்த கறுப்பின இளைஞர்களைச் சேர்த்து, நெஞ்சை அழுத்துவதிலிருந்து மூச்சுக்குழாயில் குழாய் செருகுவதுவரை பயிற்சி கொடுத்தார்கள். ஆம்புலன்ஸிலேயே சிகிச்சை தரும் இன்றைய பாராமெடிக் வேலைக்கு வழிகாட்டியவர்களில் அவர்கள் முன்னோடிகள். 1975-ல் நகராட்சி தன் சொந்தச் சேவையைத் தொடங்கி அவர்களை மூடிவிட்டது. அதே காலத்தில் மத்திய அரசின் புதிய விதிகள் உயரமான கூரை கேட்டன. 1970-களின் முடிவில் கேடிலாக் ஆம்புலன்ஸ்கள் போய்விட்டன. உங்கள் வண்டிகள் இன்று அபூர்வப் பொருள் ஆனதற்கே காரணம் இந்தக் கதைதான். இதில் ஒரு வரிகூட அங்கே இல்லை. எலும்புக்கூடு இருந்தது.

அதுவும் எந்த இடத்தில்? 1896-ல் முதல் கைதிகள் வந்த சிறை அது. நெரிசல், மனிதர் இருக்கத் தகாத நிலை என்று வழக்கு நடந்து, நீதிமன்றத் தலையீட்டால் 1990-ன் கடைசி நாளில் மூடியது. வளாகத்தை ஒட்டிய இடுகாட்டில் 200-க்கும் மேற்பட்ட கைதிகள் கிடக்கிறார்கள், கல்லில் பெயர் இல்லை, எண் மட்டும். அந்தக் கட்டடத்தைக் காப்பாற்றி வைத்திருப்பவர்களை இதில் இழுக்கவில்லை. வாடகை வந்தால்தான் கூரை ஒழுகாது.

சொல்லப்போனால், எலும்புக்கூடு வைக்க இன்றைய ஆம்புலன்ஸ்தான் பொருத்தம். 2022-ல் நடைமுறைக்கு வந்த, எதிர்பாராத மருத்துவ பில்களைத் தடுக்கும் மத்தியச் சட்டம் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, தரைவழி ஆம்புலன்ஸை மட்டும் அழகாக விட்டுவிட்டது. ஹெலிகாப்டரில் போனால் அந்தச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு, சாலையில் போனால் அதில் இல்லை. பிழைத்து வீடு திரும்பியவர் பில் வந்த உறையைப் பிரித்ததும் மறுபடி படுத்துவிடுகிறார். அப்போது மாட்டலாம் அந்த அட்டையை.

சரி, மன்னியுங்கள், அதற்கு நீங்கள் பொறுப்பல்ல. நான் கேட்க வந்தது ஒன்றுதான். எலும்புக்கூட்டை எடுங்கள், வண்டியின் கதையை எழுதுங்கள். எந்த ஊர், எந்த ஆண்டுகள், யார் ஓட்டினார்கள், பின்னால் ஆள் இருந்தாரா, இவ்வளவு போதும். ஃப்ரீடம் ஹவுஸுக்கு ஒரு தனிப் பலகை வைத்தால் இன்னும் நல்லது. எழுதித் தர நான் தயார், அச்சுச் செலவையும் ஏற்கிறேன். அடுத்த கூடுகைக்கு முன்பு, ஒரு வரியானாலும் சரி, எழுத்தில் பதில் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒஹாயோவில் வசிக்கும் ஒரு பார்வையாளன்