எம்.ஜி.ஆர் இளமைக்காலக் கையேடு: கைகொடுத்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

எம்.ஜி.ஆரின் இளமைக்காலம் பற்றிய கையேடு அச்சுக்குப் போய்விட்டது. அவரைப் பற்றி எழுத ஆளா இல்லை? ஆனால் அவர் திரைக்கு வருமுன் கழிந்த பத்தொன்பது வருடங்களைத் தொட்டால் வரிக்கு வரி ஒரு முடிச்சு. அவிழ்த்துத் தந்தவர்கள் நீங்கள்.

முதல் நன்றி, பெயரின் முன்னெழுத்துகளை விளக்கிய பாலக்காட்டு அன்பருக்கு. ‘எம்’ என்பது மருதூர், ‘ஜி’ என்பது தந்தை கோபாலன். தமிழ்நாட்டில் மருதூர் என்று ஊர்கள் பல உண்டு. ஆகவே அதை ஊர்ப்பெயராகவே படித்துவிடுகிறார்கள். உண்மையில் அது வீட்டுப்பெயர், தாய் சத்தியபாமா வழி வந்தது. மருமக்கத்தாயம் என்ற தாய்வழி மரபைப் பின்பற்றும் குடும்பங்களில் பிள்ளைகள் தாய்வீட்டுப் பெயரைத்தான் தாங்குவார்கள். தந்தை மேலக்கத் கோபால மேனன். ‘மேலக்கத்’தும் அதே எழுத்தில் தொடங்கித் தொலைப்பதால் குழப்பம் இரட்டிப்பு! அண்ணன் எம்.ஜி. சக்கரபாணிக்கும் இதே விளக்கம்தான்.

பிறந்த தேதியைப் பஞ்சாங்கத்தோடு ஒட்டிப் பார்த்தவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். 1917 ஜனவரி 17, புதன்கிழமை. மலையாள நாட்காட்டியான கொல்லம் ஆண்டுக் கணக்கில் 1092, மகர மாதம். கொல்லம் ஆண்டு சிங்கமாதம் பிறக்கிறது. ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரை அதோடு 824 கூட்டவேண்டும். ஜனவரி பிறந்துவிட்டால் 825. மகரத்துக்கு 824 கூட்டினால் 1916 வந்து நிற்கும். தமிழ்க் கணக்கில் நள வருடத்துத் தை. அந்த வருடம் 1916 சித்திரையில் தொடங்கியதால் இங்கேயும் ஓராண்டு சறுக்கும்.

‘கண்டியில் பிறந்தார்’ என்ற வரியைத் திருத்திய மலையக நண்பர்களுக்கும் நன்றி. அவர் பிறந்த நாவலப்பிட்டி இலங்கையின் கண்டி மாவட்டத்தில் இருந்தாலும், கண்டி நகரத்துக்குத் தெற்கே ரயில் பாதையில் உள்ள தனி ஊர்.

இரண்டரை வயதில் தந்தை மறைவு, பிறகு கும்பகோணம், யானையடிப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வரை. அங்கிருந்து மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி என்ற சிறுவர் நாடகக் குழு. எங்கள் முதல் படியில் ‘நடிப்பு ஆசையால் சேர்ந்தார்’ என்று இருந்தது. நாடகக் குடும்பத்துப் பெரியவர் ஒருவர் அதைப் பேனாவால் அடித்து, ஓரத்தில் ‘சோறு’ என்று ஒற்றைச் சொல் எழுதினார். அதுதான் சரி. சாப்பாடும் தங்குமிடமும் கம்பெனியில். ஆண்வேடம், பெண்வேடம் இரண்டும் சிறுவர்களுக்கே. மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் மேல் ஸ்தாயி எட்டாது. மைக் இல்லாத மேடையில் கடைசி வரிசைக்குக் கேட்காது. ராஜபார்ட் என்ற நாயகன் வேடமும் ஸ்திரீபார்ட் என்ற பெண்வேடமும் கைவிட்டுப் போகும். இதைப் புரிந்துகொள்ளாமல் அந்தக் காலத்துப் பிள்ளை நடிகர் எவரையும் பற்றி எழுத முடியாது என்பது எங்கள் கருத்து.

பாட்டுப் புத்தகச் சேகரிப்பாளர்கள் இல்லையென்றால் அவருடைய முதல் படமான 1936 ‘சதி லீலாவதி’ பற்றிய பக்கமே கிடையாது. அப்போதைய விளம்பரங்களிலும் டைட்டில்களிலும் அவர் பெயர் ‘ராம்சந்தர்’, ‘ராமச்சந்தர்’ என்றெல்லாம் வரும். ‘ராமச்சந்திரன்’ என்று மட்டும் தேடினால் தப்பிவிடும். வெறுமனே ‘ராமச்சந்திரன்’ என்று அச்சான குறிப்புகளிலோ, அதே காலத்து டி.ஆர். ராமச்சந்திரன் குறுக்கே வருவார். முன்னெழுத்தைப் பார்க்காமல் படத்தை ஒட்டக்கூடாது.

ஸ்கேன் செய்து தந்த தம்பிகளுக்கு: தாளுக்குப் பின்னால் கறுப்பு அட்டை வைத்தது பெரிய உபகாரம். மெலிந்த தாளில் மறுபக்கத்து எழுத்து ஊடுருவித் தெரியவில்லை. எழுத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளிகள்) போதும். புள்ளிப்புள்ளியாக அச்சான முகங்களை 1200-இல் எடுத்துப் பிறகு சுருக்கியதால் அலையலையான கோடுகள் விழவில்லை.

இரவல் வாங்கிய பாட்டுப் புத்தகங்களை உரியவர்களுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டோம். துருப்பிடித்த பின்களைப் பிடுங்கவில்லை. பிடுங்கினால் நடுத்தாள் கிழியும். தயவுசெய்து முழுக்க விரித்து வைக்காதீர்கள்.

நன்றியுடன்,
கையேட்டுக் குழுவினர்