நெல் நாள், நாற்று காசு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கு நானும் அப்பாவும் அப்பாயியும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

போனிலேயே பேசியிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை கல்லூரி ஹாஸ்டலிலிருந்து போன் பண்ணி நீ அழ ஆரம்பித்ததும் எனக்கு வாயில் ஒரு வார்த்தை வரவில்லை. "பன்னண்டு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்துல நான் என்னத்தம்மா படிச்சேன்? இங்க எல்லாருக்கும் எல்லாம் தெரியுது" என்று கேட்டாய். "சாப்பிட்டியா" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டேன். அன்று ராத்திரி தூக்கம் இல்லை. நீ என்ன படித்தாய் என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால் எழுதுகிறேன். கடிதம் எழுதினால் உறைமேல் முகவரியையும் சரியாக எழுத வேண்டும் என்று பத்தாம் வகுப்பில் நீதான் எனக்குச் சொன்னாய். எழுதியிருக்கிறேன், பார்.

உன்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தது 2013-ல். அப்போது செயல்வழிக் கற்றல். முதல் நாள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தால் டீச்சரும் தரையில், பிள்ளைகளும் தரையில். சுவரைச் சுற்றிலும் உங்கள் உயரத்துக்குக் கரும்பலகை, ஆளுக்குக் கொஞ்சம் இடம். தட்டில் அட்டைகள். ஒரு அட்டையை முடித்தால்தான் அடுத்த அட்டை, ஏணிப்படியில் ஏறுகிற மாதிரி. பக்கத்தில் இருப்பவன் எந்தப் படியில் இருக்கிறான் என்பது உனக்கு ஒரு பொருட்டே இல்லை. "அட்டய வச்சு வெளாடுதுங்க, இதுக்கா பள்ளிக்கூடம்" என்று அப்பாயி சத்தம் போட்டார்கள். எனக்கும் பயமாகத்தான் இருந்தது. நான் படித்த காலத்தில் வாத்தியார் சொல்ல நாங்கள் திருப்பிச் சொல்வோம், அவ்வளவுதான். நீ வீட்டுக்கு வந்து வாசலில் நின்று வானத்தைப் பார்த்து, "இன்னைக்கு மேகம், நாந்தான் குறிச்சேன்" என்று சொல்வாய். ஆறு வயதில் தினமும் வானத்தைப் பார்த்து எழுதி வைக்கிற பழக்கம் உனக்கு வந்துவிட்டது. நாற்பது வருடம் வயலில் நின்ற உன் தாத்தாவுக்கு அந்தப் பழக்கம் இருந்தது, ஆனால் எழுதி வைத்ததில்லை.

நீ ஆறாம் வகுப்புக்குப் போன 2018-ல் புதுப் பாடப்புத்தகம் வந்தது. ஒன்று, ஆறு, ஒன்பது, பதினொன்று ஆகிய வகுப்புகளுக்கு அந்த வருடம், மற்ற வகுப்புகளுக்கு அடுத்த வருடம். அதனால் ஆறிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் நீ படித்தது எல்லாமே புதுப் புத்தகம். வழவழப்பான தாள், கலர் படம், பக்கத்துக்குப் பக்கம் க்யூஆர் கோடு. நம் வீட்டில் அப்போது பட்டன் போன்தான். அதை விரலால் தடவிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாய். எட்டாம் வகுப்பு முழுக்கக் கொரோனாவில் போனது. கல்வித் தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே நோட்டில் எழுதுவாய், கரண்டு போனால் பாடமும் போகும். 2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது நேராக ஒன்பதாம் வகுப்பு. அந்த ஒரு வருடத்தில் விட்டது உனக்கு மட்டும் இல்லை, தமிழ்நாட்டில் அந்த வயதில் இருந்த அத்தனை பிள்ளைகளுக்கும் விட்டது. அதை உன் தலையில் போட்டுக்கொள்ளாதே.

தமிழில் ஆரம்பிக்கிறேன். பத்தாம் வகுப்பில் அலகிடுதல், அதாவது சொல்லை அசை அசையாகப் பிரிப்பது, வந்ததும் நீ வீட்டில் இருந்த ஒரு சொல்லையும் விடவில்லை. "அம்மா, நேர் நேர் தேமா. அப்பா, அவரும் தேமா" என்று நாள் முழுக்க ஒரே பாட்டு. வெண்பாவின் கடைசிச் சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கில் ஒன்றில்தான் முடியும் என்று சொல்லிவிட்டு, ஒரு சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து நம் வயல் சொற்களை அப்படிப் பிரித்தாய். நெல், நாள். கதிர், மலர். நாற்று, காசு. வரப்பு, பிறப்பு. "நாத்துன்னா காசுன்னு இலக்கணத்துலயே இருக்கா!" என்று அப்பா கேட்டாரே, ஞாபகம் இருக்கிறதா? அவர் அப்படிச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. நடவில் பாடும்போது எங்கே இழுக்க வேண்டும், எங்கே நிறுத்த வேண்டும் என்று எனக்குக் காதில் தெரியும். அதற்குக் கணக்கு உண்டு, குறில் நெடில் ஒற்று என்று எண்ணிப் பார்க்கலாம் என்று தெரிந்தது உன்னால்தான்.

அடுத்தது கணக்கு. நீ கணக்குப் போட்ட அந்தக் காலண்டர் தாளை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். நாங்கள் பதினோரு பேர் நடவை ஒரு மா நிலத்துக்கு, அதாவது நூறு குழிக்கு, இவ்வளவு கூலி என்று பேசி எடுப்போம். வாய்க்கால் திருப்பத்தில் ஒரு முக்கோண வயல் தாக்கு உண்டே, அதை ஊரில் எல்லோரும் அரை மா என்றுதான் சொல்வார்கள். எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதற்கு அரை மா கூலிதான். நட்டு முடித்துக் கரையேறும்போது மட்டும், "என்னடி இது, அரை மா இம்புட்டு நேரமா இழுக்குது" என்று யாராவது ஒருத்தி சொல்வாள். மூன்று பக்கத்தின் நீளத்தை வைத்தே முக்கோணத்தின் பரப்பைக் கண்டுபிடிக்கிற ஹெரான் சூத்திரத்தை நீ ஒன்பதாம் வகுப்பில் படித்திருந்தாய். மாசி மாதம், அறுப்பு முடிந்து வயல் காய்ந்து கிடந்தது. மாட்டுக் கயிற்றில் பத்து அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, ஒரு முனையை என்னைப் பிடிக்கச் சொல்லி மூன்று பக்கமும் அளந்தாய். 130 அடி, 140 அடி, 150 அடி. கூட்டிப் பாதி 210. அதில் ஒவ்வொரு பக்கத்தையும் கழித்தால் 80, 70, 60. நாலையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தாய், 8400 சதுர அடி. குழிக்கு 144 சதுர அடி என்று வகுத்தால் 58 குழிக்கும் மேலே. அரை மா என்றால் 50 குழி.

எட்டுக் குழி, பாப்பா. எத்தனை போகம், எத்தனை பெண்கள்.

அந்த 2022-ல் மேட்டூர் அணையை மே 24-ஆம் தேதியே திறந்துவிட்டார்கள். குறுவை நடவுக்கு ஆள் கேட்டு நிலத்துக்காரர் வந்தபோது தாளைக் கொடுத்தேன். அவர் இரண்டு தரம் பார்த்தார். "யார் போட்டது?" என்றார். "எம்பொண்ணு, ஒம்பதாவது" என்றேன். மறுநாள் அவரே டேப் வைத்து அளந்து பார்த்துவிட்டு வந்து, அந்தத் தாக்கை இனி 58 குழியாகவே கணக்கு வைத்துக்கொள்ளச் சொன்னார். பழைய பாக்கியை நாங்களும் கேட்கவில்லை. இன்றைக்கும் அந்தக் கணக்குதான் ஓடுகிறது. நடவுக்கு வருகிற எல்லோருக்கும் உன் பேர் தெரியும்.

அறிவியல் என்றால் எனக்கு ரத்தம் குடிக்கிற அட்டைதான். பத்தாம் வகுப்பில் உனக்கு முயலும் அட்டையும் பாடம். ஒருநாள் நான் நடவு முடிந்து வந்தேன், கெண்டைக்காலில் அட்டை. சுண்ணாம்பு வைத்து எடுத்துப் போட்டாகிவிட்டது, ரத்தம் மட்டும் நிற்கவில்லை. அது எப்போதும் அப்படித்தான், துணியை வைத்துக் கட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். நீ புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாய். அட்டையின் எச்சிலில் ஹிருடின் என்று ஒன்று இருக்கிறது, அதுதான் ரத்தத்தை உறைய விடாமல் பண்ணுகிறது என்றாய். பிறகு டார்ச் அடித்துக் காயத்தைப் பார்த்தாய். அட்டைக்கு மூன்று தாடை, அதனால் காயம் மூன்று கிளையாக இருக்கும் என்று போட்டிருக்கிறதாம். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னாய். இருந்தது. சின்னதாக, மூன்று கோடு ஒரு இடத்தில் கூடுகிற மாதிரி. இருபது வருடமாக என் காலில் விழுந்த கடி அது. அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் பார்த்தேன். "ரத்தம் கெட்டுப் போயிருக்கு, அதான் நிக்க மாட்டேங்குது" என்று யாரோ சொன்னதை அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அந்தப் பயம் அன்றோடு போனது.

சமூக அறிவியலில் உள்ளாட்சிப் பாடம் ஆறாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. கிராம சபையில் யார் வேண்டுமானாலும் பேசலாம், பதினெட்டு வயது ஆகியிருந்தால் போதும் என்று சொல்லி, அக்டோபர் 2 அன்று என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாய். நான் அதுவரை அந்தப் பக்கம் போனதே இல்லை. அன்றும் பேசவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன். அடுத்த தடவை எழுந்து நின்று பள்ளிக்கூடத்துக் கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்றேன். குரல் நடுங்கியது. பிறகு பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னை உறுப்பினராகப் போட்டார்கள் அல்லவா, அதெல்லாம் அந்த அக்டோபரிலிருந்து வந்தது.

குறை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் உனக்கு நஷ்டம்தான். ஆசிரியர் பணியிடம் ஒன்றரை வருடம் காலியாக இருந்தது. நாங்கள் தீர்மானம் போட்டு மனுக் கொடுத்து, மறுபடி மனுக் கொடுத்து, ஆள் வந்தபோது நீ அந்த வகுப்பைத் தாண்டிவிட்டாய். படித்த ஆங்கிலமும் எழுதத்தான், வாய் திறந்து பேச யாரும் விடவில்லை. கடைசி இரண்டு வருடம் முக்கிய வினா, மாதிரி வினாத்தாள் என்று ஓடியதையும் பார்த்தேன். திண்ணையில் சொல் பிரித்த பிள்ளை அப்போது கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டாள். அது எனக்கு இன்னும் மனத்தாங்கல். அந்தக் குறையை உன் அறிவுக்குக் குறை என்று நீ எடுத்துக்கொண்டதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்று. ஏழரை சதவீத ஒதுக்கீட்டில் வந்தவள் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது என்றாய். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு என்று சட்டம் போட்டுக் கொடுத்த இடம் அது. கல்லூரிக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. மாதம் ஆயிரம் ரூபாய் புதுமைப்பெண் திட்டப் பணம் உன் கணக்கில் ஏறுகிறது. கரண்டு இல்லாத ராத்திரியில் நோட்டு எழுதிய பிள்ளையும் ஏசி அறையில் டியூஷன் படித்த பிள்ளையும் ஒரே வரிசையில் நிற்பது எப்படி என்று யோசித்து ஒதுக்கிய இடம். அதில் உட்கார்ந்து படி. யாராவது கேட்டால் ஊர்ப் பேரையும் பள்ளிக்கூடத்துப் பேரையும் சேர்த்துச் சொல்.

முதல் செமஸ்டர் கணக்குப் பாடத்தில் மேட்ரிக்ஸ், கால்குலஸ், ஒன்றும் புரியவில்லை என்றாயே. அப்பாவிடம் கேட்டு அந்த இரண்டு பேரையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு உன் பழைய புத்தகங்களை எல்லாம் கீழே இறக்கினேன். பதினொன்றாம் வகுப்புக் கணக்கு, இரண்டாம் தொகுதி. அணிகளும் அணிக்கோவைகளும், வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம். பன்னிரண்டாம் வகுப்பில் முதல் பாடமே அணிகள். ஓரத்தில் எல்லாம் உன் பென்சில் எழுத்து. ஒரு கணக்குக்குப் பக்கத்தில் "இரண்டாம் முறையில் விடை வந்தது" என்று எழுதித் தேதி போட்டிருக்கிறாய். பல பள்ளிக்கூடங்களில் பதினொன்றாம் வகுப்பை ஒப்புக்கு நடத்திவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டையே படிக்க வைப்பார்கள். நீ பதினொன்றுக்கும் அரசுத் தேர்வு எழுதினாய், இரண்டு புத்தகத்தையும் முழுசாகப் படித்தாய். 2025-26-லிருந்து அந்தப் பதினொன்றாம் வகுப்பு அரசுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பாரம் குறையும் என்கிறார்கள், எனக்கு என்னவோ கவலையாகத்தான் இருக்கிறது. குழுக் கூட்டத்தில் பேசப்போகிறேன்.

சனிக்கிழமை அப்பா கோயம்புத்தூர் வருகிறார். அந்தக் கணக்குப் புத்தகங்களும், அப்பாயி சுட்ட கைமுறுக்கும், உன் பச்சைப் போர்வையும் பையில் வைத்திருக்கிறேன். ஹாஸ்டலில் குளிர் அதிகம் என்றாயே.

புத்தகத்தின் பின்பக்கத்தில் கலைச்சொற்கள் என்று இருக்கிறது. ஒரு பக்கம் தமிழ், அதற்கு நேரே ஆங்கிலம். அந்தப் பக்கங்களின் முனையை மடித்து வைத்திருக்கிறேன். வகுப்பில் அவர்கள் சொல்கிற பேர் வலது பக்கம் இருக்கும், உனக்குத் தெரிந்த பேர் இடது பக்கம் இருக்கும். ஒரு நாளைக்குப் பத்து என்று வைத்துக்கொண்டு பார். ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அந்தப் பத்தையும் எனக்குச் சொல், நானும் எழுதி வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
அம்மா