மொதல்ல எலியத் தேடுடி

அடியே குட்டச்சி,

எப்படி இருக்க, அண்ணன் எப்படி இருக்காரு, பசங்க? இங்க எல்லாரும் நல்லா இருக்கோம், இவருக்கு முட்டி வலி கொஞ்சம் கொறஞ்சிருக்கு, பெரியவன் வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டான். படகு வாங்கிட்டோம்னு நீ சந்தோஷமா போட்டோ அனுப்பி ஏழு மாசம் ஆச்சு, ஒரு வரி கூட நான் பதில் போடல. தப்புதான், திட்டிக்கோ.

ஆனா நேத்து ராத்திரி நீ அனுப்பினத படிச்சதுக்கப்புறம் எனக்குத் தூக்கமே வரல. "படகு டாய்லெட் நாத்தம் தாங்கல, ரெண்டு நாளைக்கு ஒருதரம் ப்ளீச் ஊத்துறேன், அதுக்கும் அடங்கலன்னா ஆசிட் கிளீனர் போடுறேன்"னு எழுதியிருக்க. ரெண்டையும் கீழ வைடி, இப்பவே. ப்ளீச்சும் ஆசிடும் சேந்தா குளோரின் வாயு வரும், ப்ளீச் மூத்திரத்தோட சேந்தா குளோரமின் வரும், ரெண்டுமே நுரையீரலப் புண்ணாக்குற சாமான். அதையும் எங்க நின்னு ஊத்துற, கதவ மூடினா அலமாரி சைஸுக்கு இருக்குற ரூம்ல. இத படிச்சதும் ஒரு மெசேஜ் போடு, நிறுத்திட்டேன்னு. மீதிய அப்புறமா படி.

ஹாஸ்டல்ல அலமாரிக்குப் பின்னாடி எலி செத்துக் கிடந்தப்ப நீ மூணு நாள் சென்ட் அடிச்ச பாரு, வார்டன் வந்து என்ன சொன்னாங்கன்னு ஞாபகம் இருக்கா? அதையேதான் உனக்கு இப்பவும் சொல்றேன். எலி எங்க கெடக்குன்னு தேடாம மேல எத ஊத்தினாலும் பிரயோஜனம் இல்ல. படகுல அந்த எலி ஒரு எடத்துல இல்ல, நாலஞ்சு எடத்துல இருக்கலாம், ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துல நாறும், அத வெச்சுதான் கண்டுபிடிக்கணும்.

எங்களுக்கு ரெண்டு வருஷம் ஆச்சு கண்டுபிடிக்க. ஒரு வாரம் கழிச்சு படகுக்குப் போயி மொத தடவ டாய்லெட் பம்ப் அடிச்சா அழுகின முட்டை நாத்தம் குப்புன்னு வரும், பத்துப் பதினஞ்சு தடவ அடிச்சா போயிடும். நாங்க கழிவு சேர்ற டேங்க்தான்னு முடிவு பண்ணி அத மூணு தடவ கழுவினோம், ஒண்ணும் மாறல. கடைசியில பாத்தா அது கழிவு நாத்தமே இல்லடி, கடல் தண்ணி! ஃப்ளஷ்ஷுக்கு உள்ள வருதுல்ல, அந்தத் தண்ணியில கண்ணுக்குத் தெரியாத உயிரு கோடிக்கணக்குல இருக்கு. படகு சும்மா நிக்கிறப்ப அதெல்லாம் ஹோஸுக்குள்ளயும் பம்புக்குள்ளயும் மாட்டிக்கிட்டு சாகுது, அழுகுது, ஆக்சிஜன் தீந்துபோகுது. கடல் தண்ணியில சல்ஃபேட் ஒரு லிட்டருக்கு 2.7 கிராம் மாதிரி இருக்கு, ஆக்சிஜன் இல்லாத எடத்துல வளர்ற பாக்டீரியா அந்த சல்ஃபேட்ட எடுத்து ஹைட்ரஜன் சல்ஃபைடா மாத்துது, அதுதான் அந்த முட்டை நாத்தம். நல்ல தண்ணியில அந்த அளவு சல்ஃபேட் இல்ல, அதனால அதுல ஃப்ளஷ் பண்ற படகுல இந்தத் தொல்லை ரொம்பக் கம்மி.

தெரிஞ்சப்புறம் பண்ணினது ஒரே ஒரு வேலைதான். கை கழுவுற சின்ன சிங்க் இருக்குல்ல, அதோட வடிகால டாய்லெட்டுக்குத் தண்ணி வர்ற ஹோஸுல T எழுத்து மாதிரி ஒரு குழாய் இணைப்பு போட்டு சேத்துட்டாரு இவரு. கரையில விட்டுட்டுக் கெளம்புறப்ப கடல் தண்ணி உள்ள வர்ற வால்வ மூடிட்டு, சிங்க்ல நல்ல தண்ணிய நிரப்பி, பம்ப் அடிச்சா அந்தத் தண்ணி ஹோஸு, பம்ப், பவுலோட மேல் விளிம்பு எல்லாத்தையும் அலசிட்டுப் போயிடும். அவ்வளவுதான், அன்னைக்கோட அந்த நாத்தம் போச்சு. பவுல்ல சும்மா ஒரு வாளி ஊத்தினா பத்தாது, அது வெளிய போற பக்கத்த மட்டும்தான் கழுவும். அண்ணன்கிட்ட இன்னொண்ணும் சொல்லு, குடிக்கிற தண்ணி லைன நேரா டாய்லெட்டோட சேக்கக் கூடாது, அழுக்கு திரும்பி ஏற வாய்ப்பு இருக்கு.

உன்னுது எப்ப நாறுதுன்னு நீ சொல்லவே இல்ல. மொத பம்புல மட்டும்னா மேல சொன்னதுதான். யாரும் போகாம ராத்திரி பூரா நாறுதுன்னா கழிவு போற ஹோஸ். ஆளு ஃப்ளஷ் பண்றப்ப மேல டெக்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு அடிக்குதுன்னா டேங்க், அதோட வென்ட், அதான் டேங்க்குக்குக் காத்து போற குழாய்.

ஹோஸுக்கு ஒரு சோதனை இருக்கு, இன்னைக்கே பண்ணிடு. ஹோஸ வெளிப்பக்கம் நல்லா தொடச்சிட்டு, ஒரு சுத்தமான துணிய சுடுதண்ணியில நனைச்சுப் புழிஞ்சு அது மேல சுத்தி வெய்யி. துணி ஆறினதும் எடுத்துட்டு வெளிக் காத்துல நின்னு மோந்து பாரு. துணியில நாத்தம் ஏறியிருந்தா ஹோஸ் செத்துப்போச்சுன்னு அர்த்தம், ஒழுகவே வேண்டாம், அந்த ரப்பரயும் பிளாஸ்டிக்கயும் ஊடுருவிக்கிட்டு வாயு வெளிய வரும். அதுக்கு மருந்து கெடையாது, மாத்தித்தான் ஆகணும். துண்டு துண்டா பாரு, பெரும்பாலும் தாழ்வா தொங்குற எடம்தான் மாட்டும், கழிவு அங்கதான் தேங்கி நிக்கும். அண்ணன் புதுசு போடுறப்ப தொய்வு இல்லாம போடச் சொல்லு, நேரா போற எடத்துல கெட்டியான பிவிசி பைப்பு போட்டுட்டா இன்னும் நல்லது, அது ஊடுருவ விடாது. மாத்துற வேலை கொடுமைடி, பொய் சொல்ல மாட்டேன். எங்க பழைய ஹோஸ வெட்டிப் பாத்தா உள்ள பாதி அடைச்சு வெள்ளையா கல்லு மாதிரி படிஞ்சிருந்துச்சு, மூத்திரமும் கடல் தண்ணியும் சேந்தா சுண்ணாம்பு அப்படித்தான் படியும். புது ஹோஸ் ஏறவே ஏறாது, நுனிய சுடுதண்ணியில முக்கி எளக்கித்தான் மாட்டினோம், எனக்கு விரல் ஒரு வாரம் மடங்கல.

அந்தப் படிவு வராம இருக்க வாரத்துக்கு ஒருதரம் ஒரு கப் வினிகர மெதுவா பம்ப் பண்ணி கொஞ்ச நேரம் விட்டு அலசிடு. ஏற்கெனவே கல்லாப் போனத அது கரைக்காது. ப்ளீச் ஊத்தின அதே நாள்ல மட்டும் வினிகர் வேண்டாம், அதுவும் ஆசிட்தான்.

இன்னொண்ணு, உன் பசங்க நாலு பம்ப் அடிச்சிட்டு ஓடி வந்துடுவாங்க, எனக்குத் தெரியும். 38 மில்லிமீட்டர் ஹோஸ்ல ஒரு மீட்டர் நீளத்துக்கு ஒரு லிட்டருக்கு மேல பிடிக்கும். டேங்க் மூணு மீட்டர் தள்ளி இருந்தா அவ்வளவும் வழியிலயே நிக்கும், டேங்க்குக்குப் போயே சேராது. பவுல்ல ஒரு லிட்டர் ஊத்தி அது காலியாக எத்தன பம்ப்னு எண்ணிக்கோ, அத மீட்டர் கணக்குல பெருக்கி, அந்த நம்பர சுவத்துல எழுதி ஒட்டு. பம்புக்குப் பின்னாடி ஜோக்கர் வால்வுன்னு ஒரு ரப்பர் வாய் இருக்கும், அது தொளதொளன்னு ஆனா போனதெல்லாம் திரும்பி பவுலுக்கு வரும். அத வருஷத்துக்கு ஒண்ணு மாத்திடு. அந்த ரப்பரத்தான் நீ ஊத்துற ப்ளீச் கெடுத்துக்கிட்டு இருக்கு.

டேங்க் விஷயத்துக்கு வரேன். பழைய பாய்மரக் கப்பல்ல கழிப்பிடம் கப்பலோட முன் நுனியில இருந்துச்சு, அதனாலதான் இன்னைக்கும் படகு டாய்லெட்ட ஹெட்னு சொல்றாங்க. காத்து பெரும்பாலும் பின்னாடி இருந்து அடிக்கும், அலை வந்து கழுவிட்டுப் போகும். நாம அதக் கொண்டுபோயி காத்தே இல்லாத பெட்டிக்குள்ள அடைச்சு வெச்சிருக்கோம். டேங்க்குக்குள்ள ரெண்டு சாதி பாக்டீரியா இருக்கு, காத்து கெடச்சா வளர்ற சாதி கழிவ கார்பன் டை ஆக்ஸைடா மாத்தும், அதுக்கு நாத்தமே கெடையாது. காத்து இல்லேன்னா இன்னொரு சாதி மேல வந்து அந்த முட்டை வாயுவ விடும். அதனால டேங்க்குக்கு மூச்சு விடணும்டி. பழைய படகுல வென்ட் குழாய் விரல் மொத்தம்தான் இருக்கும், வளைஞ்சு வளைஞ்சு போகும், உப்பும் பூச்சிக் கூடும் அடைச்சிருக்கும். எங்களுத 25 மில்லிமீட்டர் குழாயா, குட்டையா, நேரா மாத்தி, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு வெச்சோம், காத்து ஒரு பக்கம் நுழைஞ்சு மறுபக்கம் போகும். நீ ப்ளீச் ஊத்தி நல்ல சாதியையும் சேத்துக் கொன்னுட்டு, நாத்தம் போகலன்னு இன்னும் ஊத்துற. வென்ட்ல கார்பன் ஃபில்டர் போடலாம்னு அந்த நெட்டக்காலன் உங்கிட்டயும் சொல்லியிருப்பான், போடலாம், ஆனா அது நனைஞ்சா அடைச்சிக்கும், அப்ப டேங்க் மூச்சே விடாது. வென்ட் அடைச்சிருக்கிறப்ப கரையில மெஷின் வெச்சு உறிஞ்சினா டேங்க் உள்பக்கமா நசுங்கிடும். மொதல்ல ஹோஸ் வெச்சு வெளியில இருந்து வென்ட்டுக்குள்ள தண்ணி அடிச்சுப் பாரு.

இப்ப சொல்லப்போறத அண்ணனையும் பக்கத்துல உக்கார வெச்சுப் படி. போன வருஷம் மழை நாள்ல மேல் ஜன்னல் எல்லாம் மூடிட்டு இவரு டேங்க் மூடியக் கழட்டி உள்ள குச்சிய விட்டுக் கிண்டினாரு, நான் தரையில குப்புறப் படுத்து டார்ச் அடிச்சேன். குப்புன்னு நாத்தம் வந்துச்சு. ஒரு நிமிஷத்துல நாத்தமே இல்ல. நான் "அப்பாடா, போயிடுச்சு"ன்னேன். கண்ணு எரிஞ்சுது, தலை சுத்துச்சு, இவரு என்னப் பாத்துட்டு இழுத்து மேல கொண்டுவந்தாரு. நாத்தம் எங்கயும் போகலடி, என் மூக்குதான் நின்னுபோச்சு. காத்துல அந்த வாயு பத்து லட்சத்துல 100 பங்கு வந்தா மோப்பம் மரத்துப்போகும், 500, 700 ஆனா ஆளு விழுந்து செத்தே போவாங்க. அது காத்த விட கனம், அதனால கீழதான் தேங்கும், நான் மொகத்த வெச்சிருந்தது அங்கதான். எங்களுக்கு அன்னைக்கு எவ்வளவு இருந்துச்சுன்னு அளக்கல. ஆனா அந்த நாத்தம் இல்லாத நிமிஷம் இன்னும் கனவுல வருது. நீங்க டேங்க்கத் தொறந்தா எல்லா ஜன்னலும் தொறந்து ஃபேன் ஓடணும், மொதல்ல உறிஞ்சிக் காலி பண்ணியிருக்கணும், ஒருத்தர் மேலயே நிக்கணும். மோப்பம் போனா ஓடி வெளிய வரணும். பசங்க கீழ இருக்கவே கூடாது.

பவுலுக்கு மேல சுவத்துல ஒரு குழாய் வளைவா ஏறி எறங்குது பாரு, அது உச்சியில சின்ன வால்வு இருக்கும், உப்பு படிஞ்சா அதுல இருந்தும் நாத்தம் கசியும். கழட்டி நல்ல தண்ணியில கழுவி மாட்டு. நாத்தம் வருதுன்னு அண்ணன் அத அடைச்சிடப் போறாரு, அவரு சும்மா இருக்க மாட்டாரு! அது இல்லேன்னா கடல் தண்ணி குழாய் வழியா தானா இழுத்துக்கிட்டு வந்து (சைஃபன்) பவுல் வழிஞ்சு படகுக்குள்ள ஏறும், படகே முழுகிடலாம்.

தண்ணியே இல்லாத, மூத்திரத்தத் தனியா பிரிக்கிற டாய்லெட் போடலாமான்னு கேட்டிருந்த. நம்ம டீச்சரம்மா போட்டிருக்காங்க, ரெண்டும் கலக்காம இருக்கிறதால நாத்தம் இல்ல, மண்ணு வாசனைதான் வருதுன்னு சொல்றாங்க. ஆனா மூத்திர பாட்டில தினம் காலி பண்ணணும், விட்டா யூரியா அம்மோனியாவா மாறி அது ஒரு தனி நாத்தம். நீங்க ஆறு பேரு, தினம் ரெண்டு மூணு தடவ தூக்கிட்டுப் போவீங்களா? மொதல்ல இருக்கிறத சரி பண்ணிப் பாரு.

கை வலிக்குது, நிறுத்துறேன். துணிய மோந்துட்டு எந்த எடத்துல வந்துச்சுன்னு போட்டோவுல வட்டம் போட்டு அனுப்பு, ஹோஸ் தடிமனும் நீளமும் அளந்து போடு, இவரு என்ன வாங்கணும்னு சொல்றாரு. மாத்துற அன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் வந்துடுறோம், சுடுதண்ணிய மட்டும் தயாரா வெய்யி.

உன்
நெட்டச்சி