மாதம் 20 ரூபாய்: நம் மகளிர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளில் தலைவிகளாகவும் செயலாளர்களாகவும் இருப்பவர்களுக்கும், ஊக்குநர்களுக்கும், குழுக்களில் இருக்கும் அக்கா தங்கைகள் எல்லோருக்கும் வணக்கம்.

காரிமங்கலம் பக்கத்து ஊரில் 2003இலிருந்து நான் குழுவில் இருக்கிறேன். அதில் பதினோரு வருடம் ஊக்குநராக இருந்து கணக்கும் தீர்மானமும் எழுதியவள். உங்களிடம் கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு குழுவும் மாதச் சந்தாவோடு ஆளுக்கு 20 ரூபாய் தனியாக எடுத்து, மார்பகப் புற்றுநோய்க்கென்று ஒரு நிதி வைக்க வேண்டும். அதில் பாதி, சிகிச்சைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களின் வழிச்செலவுக்கு. மீதிப் பாதி ஆராய்ச்சிக்கு.

முதல் பாதிக்கு எல்லோரும் சரி என்று தலையசைப்பீர்கள். இரண்டாவதுதான் தகராறு. எங்கள் குழுவிலேயே தகராறு ஆனது. அதைச் சொல்வதற்கு முன் பெரியக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பெயர் வேண்டாம். குழுவில் எல்லோரும் அவரைப் பெரியக்கா என்றுதான் கூப்பிடுவோம். ஒரு ஏக்கரில் தக்காளி போட்டு, பாலக்கோடு சந்தைக்கு அவரே கூடை ஏற்றிப் போவார். 2013 தை மாதக் கூட்டம் முடிந்து எல்லோரும் எழுந்து போன பிறகு, மாரியம்மன் கோயில் திண்ணையில் என்னை மட்டும் உட்காரச் சொன்னார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்து இழுத்து, முந்தானைக்குள் வலது பக்கம் வைத்து அழுத்தினார். ரவிக்கைத் துணிக்கு அடியில் நெல்லிக்காய் அளவில் கெட்டியாக ஒன்று. விரலால் தள்ளினால் நகரவில்லை.

"வலிக்குதாக்கா?"

"வலிச்சிருந்தா எப்பவோ போய்க் காட்டியிருப்பேனே. புளியங்கொட்டை மாதிரி இருந்தப்பவே பார்த்தேன். பொண்ணு கல்யாணம் முடியட்டும்னு விட்டுட்டேன்."

வலிக்காத கட்டியைத்தான் முதலில் காட்ட வேண்டும் என்பது அன்றைக்கு அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. மறுநாளே டவுனில் ஒரு தனியார் மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். கையால் தொட்டுப் பார்த்துவிட்டு, கொழுப்புக் கட்டி என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்கவில்லை. கேட்க வேண்டும் என்று எங்களுக்கும் தோன்றவில்லை. அதில் ஐந்து மாதம் போனது. தோல் சுருங்கி உள்ளே இழுத்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி, பயாப்சி, ஆபரேஷன், கீமோ எல்லாம். கடைசியாக, 2014 தொடக்கத்தில், சென்னைக்குப் போய்க் கரண்ட், அதாவது கதிர்வீச்சு, வைக்க வேண்டும் என்றார்கள். வாரத்தில் ஐந்து நாள் வீதம் 25 நாள்.

காப்பீட்டு அட்டையில் சிகிச்சைக்குப் பணம் கிடைத்தது. ஆனால் ஐந்து வாரம் சென்னையில் தங்குகிற அறைக்கும், கூட வந்த மகளின் சாப்பாட்டுக்கும், இரண்டு பேர் விட்டுவிட்டுப் போன கூலிக்கும் எந்த அட்டையும் பணம் தருவதில்லை. குழுவிடம் கேட்டார். கொடுத்தோம். எப்படிக் கொடுத்தோம் என்பதுதான் இத்தனை வருடமாக எனக்கு உறுத்தல். "உறுப்பினரின் மருத்துவச் செலவுக்கு ரூ.10,000 உள்கடன், மாதம் இரண்டு வட்டி, பத்துத் தவணை" என்று என் கையெழுத்திலேயே எழுதினேன். ஆபரேஷனுக்குப் பிறகு அவருடைய வலது கை வீங்கி இருந்தது. அதை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கடைசி எழுத்து கோட்டைத் தாண்டி இழுத்துக்கொண்டு போயிருக்கும். அந்தத் தீர்மானப் புத்தகம் இன்னும் என்னிடம் இருக்கிறது.

16 நாள் வைத்தார். காசு தீர்ந்தது. ஊருக்கு வந்துவிட்டார். வந்தவர் வெட்கப்பட்டுக்கொண்டு கூட்டத்துக்கே வரவில்லை, தவணை இரண்டு நின்றுபோயிருந்ததால். மீதி 9 நாளுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் திரும்பப் போனார். 2016இல் இறந்துபோனார். அந்த இடைவெளியால்தான் போனார் என்று நான் சொல்லவில்லை, அதை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் குழுவின் வங்கிக் கணக்கில் அன்றைக்கு 43,000 ரூபாய் இருந்தது. அது எனக்குத் தெரியும், கணக்கு எழுதியவள் நான்.

போன மாதம் எங்கள் கூட்டத்தில் இந்த நிதியைப் பற்றிப் பேசியபோது, வழிச்செலவுக்கு எல்லோரும் சரி என்றார்கள். ஆராய்ச்சிக்கு என்றதும் ஒரு தங்கை எழுந்து, "நம்ம ஊர்ப் பொம்பளைக்கே பஸ்சுக்குக் காசு இல்ல. டாக்டருங்க ஆராய்ச்சிக்கு நாம எதுக்கக்கா கொடுக்கணும்?" என்று கேட்டது. நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடித்தான் நான் நிறையப் படித்தேன், அடுத்த தெருப் பிள்ளைகளை உட்கார வைத்துப் படிக்கச் சொல்லிக் கேட்டேன்.

பெரியக்கா சென்னையில் கரண்ட் வைத்துக்கொண்டிருந்த அதே காலத்தில் இங்கிலாந்தில் ஓர் ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. 2011இலிருந்து 2014 வரை 4,096 பேரை அதில் சேர்த்தார்கள். 25 நாள் வைத்துக்கொண்டிருந்ததை அதற்கு முன்பே வேறோர் ஆராய்ச்சி 15 நாளாகக் குறைத்திருந்தது. இவர்கள் கேட்டது, அதை ஒரே வாரத்தில், ஐந்தே நாளில் முடிக்க முடியுமா என்று. ஐந்து வருடம் அந்தப் பெண்களைத் தொடர்ந்து பார்த்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஐந்து நாள் வைத்தவர்களுக்கு நோய் திரும்புவது 15 நாள் வைத்தவர்களைவிடக் கூடவில்லை. எல்லா நிலைக்கும் இது பொருந்தாது, யாருக்கு எத்தனை நாள் என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். ஆனால் பொருந்துகிறவருக்கு ஐந்து வார அறை வாடகை ஒரு வாரமாகிறது. அஞ்செட்டியிலிருந்தோ சித்தேரி மலையிலிருந்தோ போகும் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பெரியக்காவுக்கு 16 நாளில் காசு தீர்ந்தது. அந்தத் தங்கைக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ஆராய்ச்சிக்குக் கொடுப்பதும் ஒரு வகையில் வழிச்செலவுக்குக் கொடுப்பதுதான்.

நம் நாட்டிலும் இப்படி நடந்திருக்கிறது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் தலைமையில் 11 இடங்களில் 1,583 பெண்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். பல் பிடுங்கும்போது ஈறில் போடுகிற மரத்துப்போகும் ஊசி இருக்கிறதே, லிடோகைன், அதை ஆபரேஷனுக்குச் சில நிமிடம் முன்னால் கட்டியைச் சுற்றிப் போட்டார்கள். அவ்வளவுதான். 2023இல் வந்த முடிவின்படி, ஐந்து வருடம் கழித்து, ஊசி போடாதவர்களில் 100க்கு 86 பேர் உயிரோடு இருந்தார்கள் என்றால் போட்டவர்களில் 90 பேர் இருந்தார்கள். ஊசி மருந்தின் விலை 100 ரூபாய்க்குள். இவ்வளவு மலிவான பழைய மருந்தை வைத்துப் பெரிய கம்பெனி எதுவும் பல வருடம் செலவு செய்து ஆராய்ச்சி செய்யாது, விற்று லாபம் பார்க்க அதில் ஒன்றும் இல்லை. இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பொதுப் பணம்தான் வேண்டும். நம் காசும் அதில் சேரட்டும் என்கிறேன்.

இன்னொன்று, நமக்கு இன்னும் நெருக்கமானது. 1998இல் மும்பையில் 35 வயதிலிருந்து 64 வயது வரை உள்ள ஒன்றரை லட்சம் பெண்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார்கள். ஒரு பாதிப் பேருக்கு, பயிற்சி பெற்ற பெண் சுகாதாரப் பணியாளர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை கையாலேயே மார்பைப் பரிசோதித்தார்கள். மார்பை எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம் இல்லை, வேறு மெஷினும் இல்லை. 20 வருடம் கழித்துப் பார்த்தபோது, 50 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் இந்த நோயால் சாவு 100க்கு கிட்டத்தட்ட 30 குறைந்திருந்தது. 50க்குக் கீழே அந்தப் பலன் தெரியவில்லை. மேல்நாட்டுப் பெண்களைவிட நம் பெண்களுக்கு இந்த நோய் இளவயதிலேயே வருகிறது. முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் இருப்பவர்களுக்கு எது பலன் தரும் என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது. அந்த வேலைக்கு ஆகும் செலவில்தான் நம் பங்கைக் கேட்கிறேன்.

பெண்கள் சங்கம் வைத்துப் புற்றுநோய்க்குப் பணம் சேர்ப்பது நம் தமிழ்நாட்டுக்குப் புதிது இல்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். இந்திய மாதர் சங்கத்தின் மூலம் நிதி திரட்டி, 1954இல் 12 படுக்கையோடு அவர் தொடங்கியதுதான் அடையாறு புற்றுநோய் நிறுவனம். அடுத்த வருடமே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தா 2021இல் கண்ணை மூடும்வரை அந்த வேலையிலேயே இருந்தார். அமெரிக்காவில் 1998இல் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கென்று ஒரு தபால்தலை விட்டார்கள். சாதாரணத் தபால்தலையைவிடச் சில காசு கூடுதல் விலை. அந்தச் சில்லறையிலேயே 9 கோடி டாலருக்கு மேல் சேர்ந்திருக்கிறது.

சில்லறை சேர்ப்பதில் நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் மகளிர் சுய உதவிக் குழு என்பதே 1989இல் நம் தருமபுரி மாவட்டத்தில்தான் ஆரம்பித்தது. கிருஷ்ணகிரி அப்போது நம்மோடு ஒரே மாவட்டம், 2004இல்தான் பிரிந்தது. அந்தக் காலத்துக் குழுக்காரர்கள் பலர் இன்னும் இருக்கிறீர்கள், இந்த மடலைப் படிப்பீர்கள் என்றும் நம்புகிறேன். பாரதக் கூத்து வைக்கத் தலைக்கட்டு வரி போட்டு, ஒரு வீடு விடாமல் வசூல் செய்கிற ஊர்கள் நம்முடையவை. ஒரு ஒன்றியத்தில் 300 குழு, குழுவுக்கு 12 பேர் என்று வைத்தாலே மாதம் 72,000 ரூபாய். கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சியில் குழுக்கள் கடை போடும் நாட்களில் ஓர் உண்டியலும் வைக்கலாம்.

பணத்தைப் பற்றிச் சந்தேகம் வரும். வர வேண்டும். கூட்டமைப்பின் பெயரில் தனிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரவு செலவைக் கூட்டத்தில் படிப்பது, இதெல்லாம் நமக்குப் பழக்கமானதுதான். வழிச்செலவுப் பணம் கடனாகப் போகக்கூடாது, வட்டியும் வேண்டாம், தவணையும் வேண்டாம். இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருப்பேன். ஆராய்ச்சிப் பணத்தை, அடையாறு போல லாபநோக்கம் இல்லாமல் சிகிச்சையும் ஆராய்ச்சியும் செய்கிற இடத்துக்கு, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்து ரசீது வாங்கி அனுப்பலாம். இந்தப் பணத்தில் என்ன செய்தீர்கள் என்று வருடத்துக்கு ஒரு முறை வந்து எங்களுக்குப் புரிகிற தமிழில் சொல்லுங்கள் என்றும் கேட்கலாம்.

அப்புறம், ரயிலில் சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரில் கட்டணமே இல்லை, கூடப் போகிறவருக்கு முக்கால்வாசிக் கட்டணம் குறையும். மருத்துவமனைச் சான்று இருந்தால் போதும். பெரியக்கா மொரப்பூரிலிருந்து ரயிலில் போயிருக்கலாம். எங்களில் ஒருவருக்கும் தெரியவில்லை. இந்த மாதிரித் தகவலையும் கூட்டத்தில் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

பணத்தைவிடக் கஷ்டமான ஒன்றையும் கேட்கிறேன். கூட்டத்தில் இதைப் பற்றி வாய் திறந்து பேச வேண்டும். 2022இல் மட்டும் நம் நாட்டில் சுமார் 1 லட்சத்து 92 ஆயிரம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வந்தது, 98 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று உலகப் புற்றுநோய்க் கணக்கு சொல்கிறது. 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 30 வயதிலிருந்து 49 வயது வரை உள்ள பெண்களில் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் 100க்கு 6 பேர்கூட இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் காசு வாங்காமல் பார்க்கிறார். மக்களைத் தேடி மருத்துவம் 2021இல் தொடங்கியதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அதில் வீட்டுக்கு வந்து பிரஷரும் சுகரும் பார்க்கிற பெண்கள் நம் குழுக்களிலிருந்து போனவர்கள். அவர்களிடம் கேட்கலாமே. கட்டி, அக்குளில் நெரடு, தோல் உள்ளே இழுப்பது, காம்பு உள்வாங்குவது, காம்பிலிருந்து ரத்தமோ நீரோ கசிவது, இதில் ஏதாவது ஒன்று இருந்தால் வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பெரும்பாலான கட்டிகள் புற்றுநோயே இல்லை. ஆனால் அதைத் தொட்டுப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டால் ஏற்காதீர்கள், ஸ்கேனோ மேமோகிராமோ எடுத்து, தேவைப்பட்டால் ஊசி வைத்துச் சதை எடுத்துப் பாருங்கள் என்று கேளுங்கள். நான் கேட்காமல் விட்டது அதுதான்.

கேள்வி கேட்ட அந்தத் தங்கைதான் கடைசியில் தீர்மானத்தை முன்மொழிந்தது. எழுதியது இப்படி: "மார்பகப் புற்றுநோய் நிதிக்கு உறுப்பினர் ஒருவருக்கு மாதம் ரூ.20. வழிச்செலவுக்குப் பாதி, திருப்பிக் கேட்பதில்லை. ஆராய்ச்சிக்குப் பாதி. ஒருமனதாக நிறைவேறியது." பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். முதல் மாதம் 240 ரூபாய் சேர்ந்தது. பெரியக்காவின் மகள் இப்போது எங்கள் குழுவில்தான் இருக்கிறாள். அம்மா கையெழுத்துப் போட்ட பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தன் 20 ரூபாயோடு இன்னொரு 20 வைத்தாள்.

உங்கள் கூட்டமைப்பின் அடுத்த கூட்டத்தில் இந்த மடலைப் படியுங்கள். கூப்பிட்டால் நான் வருகிறேன், தீர்மானப் புத்தகத்தையும் எடுத்து வருகிறேன்.

இப்படிக்கு,
காரிமங்கலம் ஒன்றியத்தைச் சேர்ந்த ஒரு குழு உறுப்பினர்