வாய்ச்சொல்லை ஏட்டில் ஏற்றுங்கள்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மக்களவையில் 39 பேராகவும் மாநிலங்களவையில் 18 பேராகவும் தமிழ்நாட்டின் சார்பில் அமர்ந்திருக்கும் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு, காரைக்குடிக்கு அருகே ஒரு சிற்றூரில் வசிக்கும், மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற ஆசிரியை எழுதும் மடல்.

கேட்க வந்தது ஒன்றுதான் என்பதால் அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1998 மே மாதத்தில் பொக்ரானில் ஐந்து அணுவெடிப்புகளை நடத்தி முடித்தபின், இனிச் சோதனை நடத்துவதில்லை என்று இந்திய அரசு தானாக முன்வந்து அறிவித்தது. அதன்பின் எத்தனையோ ஆட்சிகள் மாறியும் அந்தச் சொல் காப்பாற்றப்பட்டு வருகிறது. 2008 செப்டம்பரில் அணுப்பொருள் வழங்கும் நாடுகளின் குழுவிடம் இந்தியா விலக்குப் பெற்றபோதும், அன்றைய வெளியுறவு அமைச்சர் பிரணாப் முகர்ஜி அதே உறுதியைத்தான் மறுபடியும் சொன்னார். ஆயினும் அது இன்றுவரை வெறும் சொல்லாகவே இருக்கிறது. நாட்டின் எந்தச் சட்டத்திலும் ஏறவில்லை. நாடாளுமன்றத்தின் இசைவின்றி எந்த அரசும் அணுவெடிச் சோதனை நடத்தக் கூடாது என்று ஒரு தனிநபர் மசோதாவை, அதாவது அமைச்சரல்லாத உறுப்பினர் தாமே முன்வைக்கும் சட்ட வரைவை, உங்களுள் ஒருவர் கொண்டுவர வேண்டும்.

இப்போது என்ன அவசரம் என்று நீங்கள் கேட்கலாம். 2025 அக்டோபர் 30 அன்று அமெரிக்க அதிபர் டொனால்டு டிரம்ப், பிற நாடுகளுக்கு இணையாக அணு ஆயுதச் சோதனைகளைத் தொடங்கும்படி உத்தரவிட்டிருப்பதாக அறிவித்தார். அவை அணுவெடிப்பு இல்லாத சோதனைகள் என்று அவருடைய எரிசக்தி அமைச்சர் சில நாள்களில் விளக்கம் கொடுத்தார். அதன் பின்னும் ரஷ்ய அதிபர் புதின், சோதனைக்கான ஆயத்தங்களைப் பற்றிய பரிந்துரைகளைத் தமக்குத் தரும்படி தம் அதிகாரிகளைப் பணித்துவிட்டார். 1996-இல் கையொப்பத்திற்கு வைக்கப்பட்ட முழுமையான சோதனைத் தடை உடன்படிக்கைக்கு அளித்திருந்த ஒப்புதலை 2023-லேயே ரஷ்யா திரும்பப் பெற்றிருந்தது. ஒருவர் வெடித்தால் மற்றவரும் வெடிப்பார். அப்படி ஒரு நாள் வரும்போது இங்கே என்ன பேச்சு எழும் என்பதும் தெரிந்ததே. 1998 மே 11 அன்று வெடித்த ஹைட்ரஜன் குண்டின் ஆற்றல் 45 கிலோ டன், அதாவது 45,000 டன் டி.என்.டி. வெடிமருந்துக்குச் சமம், என்று அரசு சொன்னது. அந்தச் சோதனைப் பணியில் முக்கியப் பொறுப்பு வகித்த கே. சந்தானம், அது எதிர்பார்த்தபடி வெடிக்கவில்லை என்று 2009-இல் வெளிப்படையாகச் சொன்னார். அணுசக்தித் துறை அறிஞர்கள் அதை மறுத்தார்கள். யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. அந்தச் சந்தேகம் உயிரோடு இருக்கும்வரை, 'இன்னொரு முறை வெடித்துப் பார்த்துவிடலாம்' என்ற குரலும் உயிரோடுதான் இருக்கும்; அந்தக் குரலுக்கும் பொத்தானுக்கும் இடையில் இன்று ஒரு வரிச் சட்டம்கூட இல்லை என்பதே என் கவலை. பேரழிவு ஆயுதங்களைப் பற்றி 2005-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அதன் நோக்கம், அத்தகைய ஆயுதங்களைத் தனி மனிதர்களும் நிறுவனங்களும் செய்வதையும் கடத்துவதையும் தடுப்பது. அரசே நடத்தும் சோதனைக்கு அது கடிவாளம் இடுவதில்லை.

எங்கள் பக்கத்தில் சொல்லுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் குழந்தைக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. என் அப்பச்சியை (தந்தையை) பெற்ற ஐயா, ரங்கூன் மொகல் தெருவில் ஒரு லேவாதேவிக் கடையில் அடுத்தாளாக (உதவியாளராக) இருந்தவர். பெற்ற மகனுக்குக் கைச்செலவுக்குக் கொடுத்த இரண்டு ரூபாயையும் பற்றில் எழுதுவார். ஆண்டு முடிவில் ஐந்தொகை (வரவு செலவுக் கணக்கின் முடிப்பு) எடுக்கும்போது அதுவும் வரிசையில் நிற்கும். மகன்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல. தாம் இல்லாத காலத்தில் அந்தக் கணக்கைப் பார்க்க வருபவர் யாரென்று தமக்குத் தெரியாது என்பார். 1998-இல் வாக்குக் கொடுத்த பிரதமர் இன்று இல்லை. 2008-இல் அதை மறுபடி சொன்ன அமைச்சரும் இல்லை. அந்த வாக்கைக் கட்டிக்காப்பது நாளை வரும், முகம் தெரியாத ஒருவரின் மனத்தைப் பொறுத்தது என்பது நல்ல கணக்காகாது.

அந்த ஐயாதான் 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன்மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டதைக் கண்ணால் பார்த்தவர். புரோம் வழியாக அரக்கான் கடற்கரைக்கு நடந்து, படகேறி, கல்கத்தா வந்து, ஊர் வந்து சேரும்போது காலில் தோலே இல்லை என்று அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தப் போர் எங்கள் வீட்டு வாசல்வரை வந்தது. செட்டிநாட்டில் கால்நடைப் பண்ணை நிலத்துக்குள் கிடக்கும் பழைய விமான ஓடுதளமும் அந்தக் காலத்து மிச்சம்தான். ஆனாலும் ஐயாவுக்கு நடப்பதற்கு ஒரு வழி இருந்தது, போய்ச் சேர ஓர் ஊர் இருந்தது. 1954 மார்ச் 1 அன்று பிகினி பவளத் தீவில் அமெரிக்கா வெடித்த குண்டின் ஆற்றல் 15 மெகா டன்; கணித்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல். அறிவிக்கப்பட்ட ஆபத்து எல்லைக்கு வெளியே மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகொன்றின்மீது வெண்சாம்பல் மழைபோல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயுற்றார்கள். கம்பியில்லாத் தந்தி இயக்குநர் அய்க்கிச்சி குபோயாமா அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். எல்லைக்கு வெளியே நின்றவர்கள் அவர்கள்.

அடுத்து என் பிழையைச் சொல்ல வேண்டும். 1998 மே மாதம் கோடை விடுமுறையில் செய்தி வந்தபோது நானும் மகிழ்ந்தேன். தெருவில் கொடுத்த இனிப்பை வாங்கித் தின்றேன். ஜூனில் பள்ளி திறந்ததும் பதினொன்றாம் வகுப்பில் கரும்பலகை நிறைய தொடர்வினையை வரைந்து, யுரேனியம் பிளப்பதையும் நியூட்ரான் பெருகுவதையும் பெருமையாக விளக்கினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "பூமிக்குள்ள வெடிச்சா அந்த ஊருக் கெணத்துத் தண்ணி என்ன டீச்சர் ஆகும்?" என்று கேட்டாள். ஆறு மாதம் ஊருணியில் குடம் தூக்கும் வீட்டுப் பிள்ளை. "அது பாலைவனம், அங்கே ஏது கிணறு, உட்கார்" என்றேன்.

அங்கே கிணறும் இருந்தது, ஊரும் இருந்தது. சோதனைத் தளத்துக்குச் சில கிலோமீட்டர் தொலைவில் கேத்தோலாய் என்றொரு கிராமம். மே 11 அன்று அந்த மக்களை வீடுகளை விட்டு வெளியே வந்து இருக்கச் சொன்னார்கள், பிற்பகல் 3.45-க்கு நிலம் அதிர்ந்தது; வீட்டுச் சுவர்களிலும் தண்ணீர்த் தொட்டிகளிலும் விரிசல் விழுந்தது. தங்களுக்கும் மாடுகளுக்கும் வந்த நோய்களைப் பற்றி அவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நானும் வானம் பார்த்த பூமியில் பிறந்தவள்தான். செம்மண் பொட்டலைக் காரில் கடந்துபோகிறவர்கள் 'இங்கே ஒன்றுமே இல்லையே' என்று சொல்லும்போது எனக்குக் கோபம் வரும்; அந்தப் பொட்டலில் எந்தச் சரிவில் தண்ணீர் ஓடும், எந்தக் கண்மாயில் எவ்வளவு தேங்கும் என்று தெரிந்த மனிதர்கள் இருக்கிறார்கள். அதே சொல்லை நான் ராஜஸ்தானத்து மக்களைப் பற்றி, ஒரு பிள்ளையின் வாயை அடைப்பதற்காகச் சொன்னேன். அணுகுண்டு வெடித்த இடங்களை வரிசையாகப் பாருங்கள்: பிகினி, கசக்ஸ்தானத்துச் செமிபலாட்டின்ஸ்க், ஆஸ்திரேலியாவின் மராலிங்கா, சகாரா, பொக்ரான். வெடித்தவர்கள் பலரும் வெற்றுநிலம் என்றுதான் சொன்னார்கள். செமிபலாட்டின்ஸ்கில் மட்டும் 456 சோதனைகள் நடந்தன. அங்கே சுற்றிலும் ஊர்கள் இருந்தன.

நிலத்தடியில் வெடித்தால் ஒன்றும் வெளியே வராது என்பார்கள். பெரும்பாலும் வராது என்பது உண்மை. 1970 டிசம்பர் 18 அன்று அமெரிக்காவின் நெவாடாவில் நிலத்துக்கடியில் வெடித்த 10 கிலோ டன் குண்டு, தரையில் பிளவு உண்டாக்கி, கதிரியக்கப் புழுதியை வானத்தில் ஏற்றியது. அது தேர்ந்த வல்லுநர்கள் நடத்திய சோதனை.

வானத்தில் ஏறியது மழையோடு இறங்கும். எங்கள் வீடுகளில் நான்கு பக்க ஓட்டிலிருந்தும் மழை வளவுக்குள் (நடுமுற்றத்துக்குள்) விழும். மூலைக்கு ஒரு அண்டாவை வைத்துப் பிடிப்போம், மிஞ்சியது வெளியே ஓடி ஊருணிக்குப் போகும். நான் பிறந்தது 1959-இல். அதற்கு முந்தைய ஆண்டுகளிலும் 1961, 62 ஆண்டுகளிலும் அமெரிக்காவும் சோவியத் ஒன்றியமும் திறந்த வெளியில் குண்டுகளை வெடித்துத் தள்ளின. 1961 அக்டோபர் 30 அன்று சோவியத் ஒன்றியம் வெடித்தது 50 மெகா டன். அந்தப் புழுதியில் இருந்த ஸ்ட்ரான்ஷியம்-90 உலகம் முழுவதும் மழையில் இறங்கியது. உடலுக்கு அதையும் சுண்ணாம்புச் சத்தையும் பிரித்தறியத் தெரியாது. பாலோடு போய் எலும்பிலும் பல்லிலும் உட்கார்ந்துவிடும், பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் தாய்மார்கள் பிள்ளைகளின் விழுந்த பால்பற்களை அஞ்சலில் அனுப்பிவைத்தார்கள்; லட்சக்கணக்கில் சேர்ந்த அந்தப் பற்களைச் சோதித்தபோது, வெடிப்புகள் பெருகிய ஆண்டுகளில் பிறந்த பிள்ளைகளின் பல்லில் ஸ்ட்ரான்ஷியமும் பெருகியிருந்தது. 1963-இல் திறந்தவெளிச் சோதனைகளைத் தடைசெய்யும் உடன்படிக்கை கையொப்பமானதற்கு அந்தப் பற்களும் ஒரு காரணம். இந்தியாவும் அதில் உடனே கையொப்பமிட்டது. என் பால்பற்களை அப்பத்தா சாணியில் பொதிந்து ஓட்டின்மேல் எறியச் சொன்னாள். அவற்றில் எவ்வளவு இருந்ததோ, யாரும் பார்க்கவில்லை.

முழுத் தடை உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடாததற்குச் சொன்ன காரணங்களை நான் அறிவேன். பெரிய நாடுகள் தங்கள் ஆயுதங்களை ஒழிப்பதற்கு அது கால வரையறை எதுவும் வைக்கவில்லை; வெடிக்காமல் ஆய்வுக்கூடத்திலேயே ஆயுதங்களை மேம்படுத்த வழிவிடுகிறது. 1996-இல் ஜெனிவாவில் இந்தியா எழுப்பிய இந்த வாதம் நேர்மையானது, இன்றும் செல்லும். ஆனால் என் வேண்டுகோள் அந்த உடன்படிக்கையைச் சார்ந்தது அல்ல. நம் நாடாளுமன்றம் நம் அரசுக்கு இடும் கட்டு அது. அதைச் செய்வது வாஷிங்டனுக்கோ பெய்ஜிங்குக்கோ நாம் தலைவணங்கியதாக ஆகாது. நாட்டுக்குத் தேவை என்று வந்தால் அரசு அவைக்கு வந்து காரணம் சொல்லட்டும், உறுப்பினர்கள் வாக்களிக்கட்டும். இரகசியம் கெட்டுவிடும் என்பார்கள். தற்காப்புக்கான ஆயுதம் கையில் இருக்கும் நாட்டுக்குச் சோதனையை இரகசியமாகத்தான் நடத்தியாக வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. ஒன்று மட்டும் கூட்டிச் சொல்கிறேன்: எங்கள் முன்னோர் கொண்டுவிற்க (கடல் கடந்து தொழில் செய்ய) போன நாடுகளான மலேசியா, சிங்கப்பூர், வியட்நாம், மியான்மர், இலங்கை ஆகிய ஐந்தும் அந்த உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்துவிட்டன. மியான்மர் 2016-இல் அளித்தது, இலங்கை 2023-இல் அளித்தது.

2025 மே மாதத்தில் பாகிஸ்தானுடன் மோதல் நடந்த நான்கு நாள்கள் உங்களுக்கு நினைவிருக்கும். மே 7 அன்று கல்பாக்கத்திலும் சென்னைத் துறைமுகத்திலும் போர்க்காலப் பாதுகாப்பு ஒத்திகை நடந்தது. சென்னையில் இருக்கும் என் மகள் தொலைபேசியில் அழைத்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வந்துவிடவா என்று கேட்டாள். 1942-இல் சென்னையைக் காலி செய்து வந்தவர்களைப் பற்றி வீட்டில் கேட்ட கதை அவளுக்கு நினைவு வந்திருக்கிறது. 'வா' என்றேன், வந்து என்ன ஆகிவிடப்போகிறது என்று சொல்லவில்லை. 2022 மார்ச் 9 அன்று நம் ஏவுகணை ஒன்று தவறுதலாகப் பாய்ந்து பாகிஸ்தானத்து மியான் சன்னுவில் விழுந்ததும், அதற்காக விமானப்படை அதிகாரிகள் மூவர் பணிநீக்கம் செய்யப்பட்டதும் உங்கள் அவையின் அறிவுக்கு வந்தவையே. அதில் வெடிபொருள் இல்லை. அவர்கள் பதிலுக்கு ஏவவில்லை. கைத்தவறு நேர்ந்தாலும் பிழைத்துக்கொள்ளும் அளவுக்கு இரு தரப்பிலும் நிதானம் இருந்தது. புதிய சோதனை, அதற்கு அவர்களது பதில் சோதனை என்று 1998 மே மாதம் திரும்ப வந்தால், முதலில் கரைவது அந்த நிதானம்தான்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இதைப் பேசுவது புதிதல்ல. 1962-இல், தம் 83-ஆம் வயதில், எந்த அரசுப் பதவியிலும் இல்லாத ராஜாஜி, ஆர். ஆர். திவாகர், பி. சிவராவ் ஆகியோருடன் அமெரிக்கா சென்று, சோதனைகளை நிறுத்தும்படி அதிபர் கென்னடியிடம் நேரில் வாதாடினார். உங்கள் மக்களவையில்தான் 1954 ஏப்ரல் 2 அன்று நேரு, சோதனைகளை உடனே நிறுத்திவைக்கும் ஏற்பாடு வேண்டும் என்று உலக நாடுகளைக் கேட்டுக்கொண்டார். உலகத்திடம் கேட்ட அந்த அவை, தன் அரசிடம் இன்னும் எழுத்தில் கேட்கவில்லை.

தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமைப் பிற்பகல்தான் கிடைக்கும் என்பதும், அப்படி ஒன்று சட்டமாகி 1970-க்குப் பின் வரலாறு இல்லை என்பதும் எனக்குத் தெரியும். நிறைவேறாமல் போகலாம். அறிமுகமானால் அவைக்குறிப்பில் ஏறும். விவாதத்துக்கு வந்தால் அரசின் சார்பில் ஓர் அமைச்சர் எழுந்து பதில் சொல்ல வேண்டியிருக்கும். அந்தப் பதிலும் குறிப்பில் ஏறும். கட்சி வேறுபாடு பாராமல் உங்களில் யார் முன்வந்தாலும், எங்கள் பகுதியில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் வழக்கறிஞர்களும் சிலர் சேர்ந்து மசோதாவின் வரைவைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தரக் காத்திருக்கிறோம். வரும் கூட்டத்தொடரில் எந்த வெள்ளிக்கிழமை என்பதை மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை,
காரைக்குடி வட்டம், சிவகங்கை மாவட்டம்.