மகளுக்கு: துடைப்பதும் துவைப்பதும் கலையான கதை

அன்பு மகளுக்கு,

குழந்தையைக் கவனிப்பதிலேயே பொழுதெல்லாம் போய்விடுகிறது, இனி ஓவியர் என்று சொல்லிக்கொள்வதில் பொருளில்லை என்று எழுதியிருந்தாய். தூய்மைப் பணியாளர்களோடு சேர்ந்து ஏதேனும் செய்ய வேண்டும் என்ற உன் நெடுநாள் ஆசையையும் அதோடு சேர்த்துக் கைவிடப்போவதாகச் சொல்கிறாய். அந்த முடிவுக்கு நீ வருமுன் நியூயார்க்கின் மியர்ல் லேடர்மன் யூகலீஸ் என்ற கலைஞரின் வாழ்க்கையை நீ அறிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

1968இல் அவருக்கு முதல் குழந்தை பிறந்தது. உன்னைப் போலவே கலைக்கும் வீட்டு வேலைக்கும் நடுவே திணறிய அவர், மறு ஆண்டே பராமரிப்புக் கலைக்கென்று ஓர் அறிக்கை எழுதினார். புதிதாக ஒன்றை உண்டாக்குபவரைக் கொண்டாடும் உலகம், உண்டானதை நாள்தோறும் துடைத்தும் துவைத்தும் காப்பவரைக் கண்டுகொள்வதில்லை. ஆகவே அந்த வேலைகளையே காட்சிக்கூடத்துக்குள் செய்து கலை என்று காட்டுவேன் என்பது அதன் சாரம். சொன்னபடியே 1973இல் ஹார்ட்ஃபோர்ட் நகர அருங்காட்சியகத்தின் படிகளைத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். 1976இல் ஓர் அலுவலகக் கட்டடத்தின் பராமரிப்பு ஊழியர் 300 பேரிடம், தினமும் தங்கள் வேலையில் ஒரு மணி நேரத்தைக் கலையாகக் கருதும்படி கேட்டுக்கொண்டார். அவர்களைப் படமெடுத்து, அந்த நேரத்தில் செய்தது வேலையா கலையா என்று அவரவரையே சொல்லச் செய்தார். முடிவை அவர்களிடமே விட்ட அந்தப் பண்பு எனக்கு மிகவும் பிடித்தது.

1977இல் நியூயார்க் துப்புரவுத் துறையில் ஊதியமில்லாத கலைஞராகச் சேர்ந்தார். நகரமே கடனில் தத்தளித்து, துப்புரவுப் பணியாளர் மீது மக்கள் எரிச்சலைக் கொட்டிய காலம் அது. 1979 ஜூலை முதல் 1980 ஜூன் வரை நகரின் 59 வட்டாரங்களுக்கும் சென்று, ஏறத்தாழ 8,500 பணியாளர்களின் கையைப் பற்றி, நியூயார்க்கை உயிரோடு வைத்திருப்பதற்காக ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார். கைகுலுக்கலைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நகராட்சியின் சுகாதாரப் பிரிவில் எழுத்தராக இருந்த எனக்கோ, அவர் அதிகாலை மஸ்டருக்கு, அதாவது வேலை தொடங்குமுன் எடுக்கும் வருகைப் பதிவுக்கு, அவர்களோடு நின்றதும், வண்டியின் பின்னாலேயே நடந்து அவர்கள் குனிந்து தூக்கும் அசைவுகளைத் தானும் செய்து பார்த்ததுமே பெரிதாகப் படுகின்றன. படம் எடுத்துக்கொண்டு போய்விடுபவர்களை நம் பணியாளர்கள் நிறையப் பார்த்திருக்கிறார்கள்; மறுநாளும் வருபவரிடம்தான் அவர்கள் வாய் திறப்பார்கள்.

அவரிடமும் வாய் திறந்தார்கள். ஊரார் தங்களை அழைத்த இழிசொற்களைச் சொன்னார்கள். 1984இல் அந்தச் சொற்களைக் கண்ணாடியில் பெரிதாக எழுதிவைத்து, அவற்றைக் கழுவி அழிக்கும் வேலையைப் பொதுமக்களிடம் ஒப்படைத்தார். பணியாளர்கள் அன்று கழுவ வேண்டியிருக்கவில்லை. எவர் வாயிலிருந்து சொல் வந்ததோ அவர் கையாலேயே அது அழிய வேண்டும் என்று ஒரு கலைஞருக்குத் தோன்றியதே, அதைவிட நேர்த்தியான நீதியை நான் அறியேன்.

பல பத்தாண்டுகள் அதே துறையோடு அவர் இருந்தார். 2016இல்தான் குயின்ஸ் அருங்காட்சியகத்தில் அவருடைய முழுப் பணியும் ஒருசேரக் காட்சிக்கு வைக்கப்பட்டது. ஆகவே மூன்று வாரத்தில் சுவருக்கு வண்ணமடித்து முடிக்கும் திட்டமாக இதை நீ நினைக்காதே. வருமானத்துக்கு வேறு வழியை முதலில் உறுதி செய்துகொள். அதில் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை. குழந்தைக்கு ஒரு வயதாகும் வரை நான் வந்து உன்னுடன் இருக்கிறேன், காலை மஸ்டருக்கு நீ போய்வரலாம். மாநகராட்சி ஆணையருக்கு விண்ணப்பம் எழுதினால், அனுப்புவதற்கு முன் எனக்குக் காட்டு. எந்தப் பிரிவின் வழியாக அனுப்ப வேண்டும் என்பதையும், பணியாளர் சங்கத்துக்கு ஒரு நகல் ஏன் போக வேண்டும் என்பதையும் நேரில் சொல்கிறேன்.

அன்புடன்,
அம்மா